எர்மெலிண்டா வீட்டுக்குள் புகுந்த கடைசி மாடு

எர்மெலிண்டாவுக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான் என்று தெர்செய்ராத் தீவின் அந்த வடகரை ஊரில் கேலி பேசுவார்கள். அப்பா படுக்கையில் விழுந்ததும் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாடு கறக்கப் போனவள். இப்போது நாற்பதைத் தொட்டிருந்தாள். சில பசுக்கள், கறுப்பு எரிமலைக் கல் அடுக்கிய மதில், முற்றத்தில் ஓர் ஆரஞ்சு மரம், இவைதான் அவள் சொத்து.

தினமும் விடியலில் பால் ஊற்றும் இடத்தில் பெல்மீருவைப் பார்ப்பாள். அவனும் தனிக்கட்டை.

"மேகம் இறங்குது" என்பான்.

"இறங்குது" என்பாள்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பொழுது சாயும்வரை சிரித்த முகமாகத் திரிவார்கள்.

ஊர் விழாவில் நாலு மாடுகளை வடம் கட்டித் தெருவில் விடுவார்கள். கடைசி மாடு கூண்டுக்குள் போனதும் கடைசி வேட்டுப் போடுவார்கள்; எல்லா வீடுகளும் திறந்து பந்தி விரியும். அன்று ஒரு தனியாள் எந்தப் பெண் வீட்டில் முதலில் கை நனைக்கிறான் என்பதை மதில்மேல் உட்கார்ந்து ஊரே பார்க்கும். அப்புறம் பாதிரியார் கல்யாணத்தைத் தனியாக அறிவிக்க வேண்டியதில்லை.

போன வருஷம் பெல்மீரு அவள் வாசல்வரை வந்தான். மதில்மேல் கூட்டத்தைப் பார்த்தான். கழுத்துவரை சிவந்து திரும்பிவிட்டான். இந்த வருஷம் பால் கேனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "மாடெல்லாம் முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று மறுபடி கேட்டான். அவளும் தன் கேனுக்குள் பார்த்தபடி, "ம்" என்றாள்.

இந்தத் தடவையும் திரும்பிவிட்டால் இனி கேட்கவே மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் நின்று தட்டவே விடக்கூடாது, வந்ததும் நேரே உள்ளே நுழைந்துவிட வேண்டும். அதற்காகக் கடைசி வேட்டுச் சத்தம் கேட்டதும் மாடு நுழையாமலிருக்க வாசலில் அடைத்திருந்த பலகைகளைக் கழற்றிவிடத் தயாராக நின்றாள். ஆரஞ்சு மரத்தடியில் மேசை. அதன்மேல் ஒயினில் வெந்த மாட்டிறைச்சி மண்சட்டியோடு மணத்துக்கொண்டிருந்தது.

வேட்டு வெடித்தது. பலகைகளைக் கழற்றினாள்.

ஓடைக்கு அக்கரை ஊரிலும் அன்றுதான் விழா. வெடித்தது அவர்கள் வேட்டு.

"ஏண்டி, மாடு இன்னும் தெருவுலதான்டி இருக்கு!" என்று மதில்மேலிருந்து பக்கத்து வீட்டு ஃபிலோமேனா கத்துவதற்குள், கொம்பு முனையில் பித்தளைக் குமிழ் மாட்டிய கறுப்பு மாடு முற்றத்துக்குள் வந்துவிட்டது. பின்னாலேயே வடம் வந்தது. வடம் பிடித்தவர்கள் வாசலிலேயே கைவிட்டுவிட்டார்கள். வடத்தின் நுனியைக் கையில் சுற்றியிருந்த ஒருவன் மட்டும் குதிகால் தேய உள்ளே வந்து சேர்ந்தான். பெல்மீரு.

எர்மெலிண்டா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் பாய்ந்தாள். மாடு ஆரஞ்சு மரத்தைச் சுற்றியது. பெல்மீருவும் சுற்றினான். மதில்மேல் ஊரே கைதட்டியது. மறு சுற்றில் வடம் இறுகி, அவன் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டான். மூக்குக்கு நேரே கறிச்சட்டி. வடம் தீர்ந்துபோன மாடு, மேசையிலிருந்த இனிப்பு ரொட்டியை நிதானமாக மெல்லத் தொடங்கியது.

"மாப்பிள்ளை சம்பந்தியோட வந்திருக்காரு, பாருங்க" என்றாள் ஃபிலோமேனா.

கூட்டாளிகள் சிரித்து முடித்து, மாட்டை வந்த வழியே திருப்பிச் சுற்றி, வடத்தை அவிழ்த்து ஓட்டிப்போனார்கள். இந்த முறை வெடித்தது தங்கள் ஊர் வேட்டுத்தான். பெல்மீரு தொப்பியைத் தேடினான். அண்ணாந்து மதிலைப் பார்த்தான். கழுத்து சிவக்க ஆரம்பித்தது. கால் வாசல் பக்கம் திரும்பியது.

"பெல்மீரு."

ஊரே கேட்கும்படி எர்மெலிண்டா பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"வடத்த அவங்க பாத்துப்பாங்க. நீங்க உக்காருங்க. கறி ஆறுது."

அவன் உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

"எங்களுக்கும் தட்டு உண்டாடி?" என்றாள் ஃபிலோமேனா.

"அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்க்கா. அப்புறம் எல்லாரும் இறங்கி வாங்க."

ஊர் மொத்தமும் கால்களைத் தொங்கப்போட்டபடி, எச்சில் விழுங்கிக்கொண்டு, அவன் வாயையே பார்த்துக் காத்திருந்தது. பெல்மீரு அவசரப்படவே இல்லை.