ஒரு பிடி மஞ்சள் அரிசி

என் தாய்மாமன் தோட்டத்து லோரியை ஓட்டிக்கொண்டு வந்தால், கோழி முதல் கணக்கெழுதும் கிராணி வரை எல்லாரும் ஓரம் போய்விட வேண்டும். வளைவில் வேகத்தைக் குறைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். லோரியின் பின்விளக்கு எரியாது. பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். அம்மா திட்டினால், "போலீஸ்காரன் தேடுறது அரிசியத்தான்லா. பிரேக்க எவன் பாக்குறான்?" என்று சிரிப்பார்.

அவர் சொன்னதும் உண்மைதான். மலாயாவில் அது அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்தை விட்டு ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது.

எனக்கு ஏழு வயதிருக்கும். ரவாங்கில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். மணமக்கள் தலையில் தூவும் மஞ்சள் அரிசி எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அம்மா ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்து என் பாவாடை இடுப்பில் செருகினாள்.

"மாமாகிட்ட மூச்சு விடாத. மஞ்ச தடவுனதெல்லாம் அரிசியா என்ன?"

அரிசி இல்லையென்றால் ஏன் மூச்சு விடக் கூடாது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமாவின் லோரியில் வழியெல்லாம் முடிச்சைக் கையால் பிடித்தபடியே வந்தேன்.

சுங்கை சோ வளைவில், முன்னால் போன சைக்கிளை மாமா ஹாரனை அழுத்தியபடியே முந்தினார். லோரி உரசியது. சைக்கிளில் வந்த வயதானவர் காய்கறிக் கூடையோடு பள்ளத்தில் விழுந்தார்.

"நிறுத்துடா பாவி!" என்று அம்மா கத்தினாள்.

"எந்திரிச்சிட்டாரு, எந்திரிச்சிட்டாரு," என்றார் மாமா, திரும்பியே பார்க்காமல்.

கொஞ்ச தூரத்தில் சாலைத் தடுப்பு. வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வந்தபோது போலீஸ்காரர் லைசென்ஸைக்கூடக் கேட்கவில்லை. இருக்கைக்கு அடியில் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு எங்களை இறங்கச் சொன்னார். நான் குதித்தேன். முடிச்சு நழுவி அவிழ்ந்து, அவருடைய பூட்ஸைச் சுற்றி மஞ்சள் அரிசி சிதறியது.

மாமா அரிசியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அது தன்னுடையது, பிள்ளையின் இடுப்பில் செருகியது தான்தான் என்று மலாய் மொழியில் சொன்னார். போலீஸ்காரர் அவருக்கு விலங்கு மாட்டினார். இன்னொருவர் குனிந்து அரிசியைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார்.

அப்போதுதான் அந்த வயதானவர் வளைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். முழங்காலில் ரத்தம். லோரியைக் காட்டி ஏதோ சொன்னார். அரிசியைப் பொறுக்கியவர் நிமிராமலே, அந்தப் பக்கம் போய் நிற்கும்படி கையைக் காட்டினார். அவரும் போய் நின்றார்.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அன்று நான் அழுத அழுகையில் அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒன்னால இல்லடி. சைக்கிள்காரர இடிச்சதுக்குத்தான் மாமாவப் புடிச்சிருக்காங்க."

அதைக் கேட்டதும் எனக்கு அப்படியொரு நிம்மதி. பெரியவரை இடித்தார், போலீஸ் பிடித்தது, சரிதானே என்று தூங்கிப் போனேன். மாமா பல நாள் கழித்து விடுதலையாகி வந்தார். மறுநாளே லோரி அதே வேகத்தில் ஓடியது. இவருக்கு இன்னும் புத்தி வரவில்லையே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனைக்கும், அரிசி சிதறியதும் மாமாவுக்கு விலங்கு மாட்டியதையும், அந்த வயதானவரிடம் ஒருவரும் பெயரைக்கூடக் கேட்காததையும் கண்ணால் பார்த்தவள்தான் நான்.