கண்ணுசாமி காட்டிய கண்டன்சர்

"கண்டன்சர் போயிருச்சுங்க அம்மிணி, மாத்தோணும்" என்றார் மெக்கானிக் கண்ணுசாமி.

"இந்தக் கார்ல ஏசியே இல்லீங்களேண்ணா?" என்றாள் தனப்பிரியா.

"ஏசி எதுக்குங்க? வண்டி சூடானா நின்னுபோகுது. இங்க பாருங்க, இந்த மூடிக்குள்ள..."

அவள் குனியவில்லை. கைபேசியில் தேடி, ஆங்கிலத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்து, தமிழிலும் சொன்னாள். "கண்டன்சர்ங்கறது ஏசியோட பாகம். ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கும். இதுல அது கெடையாது."

தன் வேனுக்காகக் காத்திருந்த மோகன்குமார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏனுங் கண்ணுசாமி, இல்லாத சாமானையே மாத்தறீங்களா? என்ற வேன்ல இதுவரைக்கும் என்னென்ன மாத்துனீங்களோ!"

கண்ணுசாமியின் விரல், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே நின்றது. பிறகு அதன் மூடியை மாட்டி, பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கினார். "வேற எடத்துல காட்டிக்குங்க அம்மிணி."

மோகனூரில் அவர் பட்டறை வைத்து இருபத்தாறு வருடம். கழற்றிய பழைய சாமான் எதுவானாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், செய்தித்தாளில் பொதிந்து வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். தனப்பிரியாவின் அப்பா சின்னண்ணனிடம் அப்படி ஒரு சாக்குப்பையே சேர்ந்திருந்தது. அந்த மனிதரைத்தான் அவள் நாலு பேர் நடுவில் திருடராக்கிவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து அவளுடைய அந்தப் பழைய அம்பாசடர் கார் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நடுரோட்டில் நின்றது. அங்கே ஒரு மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பாயிண்ட் என்னும் தொடுமுனைக்குப் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் நுனியளவு உருளை ஒன்றைக் கழற்றினார்.

"கண்டன்சர் போச்சுங்க."

"அது ஏசிக்குத்தானே..."

"அதுக்கும் இதே பேருதாங்க. இது கெட்டா பாயிண்ட் கருகிரும், பிளக்குல பொறி வராது."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. அவள் படித்ததில் பொய்யில்லை. வேறொரு கண்டன்சரைப் பற்றிப் படித்திருந்தாள். அன்று அவர் விரல் நீண்ட இடத்தில் ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

மறுநாளே மோகனூருக்குப் போனாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்களில் ஒன்றுதான் வாயில் வந்தது. "தப்பு என்மேலதாங்கண்ணா."

"பேரு ஒண்ணா இருந்தா யாருக்குமே கொழம்புமுங்க. உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் கண்ணுசாமி. குரலில் குத்தல் இல்லை. அவள் உட்காரவில்லை.

மோகன்குமாரின் மூன்று பள்ளி வேன்களும் இப்போது இங்கே வருவதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். வேன்கள் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் காய்ந்து கிடந்தது.

"நான் என்னங்கண்ணா பண்ணோணும்?" என்று கேட்டாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் அதைக் கேட்டு ஆறு மாதமாகிறது. அதற்குள் மோகன்குமாரை இரண்டு முறை எதிரில் பார்த்துவிட்டு, இரண்டு முறையும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள் தனப்பிரியா.

அன்று கண்ணுசாமி கேட்டது இதுதான்: "மோகன்குமார்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க அம்மிணி. நான் சொன்னா, சமாளிக்கறேன்னுதான் நெனப்பாரு."