பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்ட ராக் கச்சேரி

எனக்குப் பிடித்த ராக் குழுவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்கள் பாடுவதெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும். நான் இருப்பதோ வில்பட்டியில். வெள்ளனே எழுந்து, கொடைக்கானலுக்கு பஸ் பிடித்து, ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு, வெந்நீர் எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொல்வது என் சோலி. அந்தச் சிரிப்பு தீர்ந்துபோய் வீடு திரும்பும் பஸ்ஸில், காதில் மாட்டிக்கொள்வது அவர்களுடைய பாட்டைத்தான்.

சினிமாவுக்குப் பாடாதவர்கள். நாலு பேர். தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். காதல் தோல்வி, நிலா, மழைத்துளி எல்லாம் அவர்களிடம் கிடையாது. வாடகை வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவதைப் பற்றி ஒரு பாட்டு. மழை வருமுன் மொட்டை மாடிக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவதைப் பற்றி ஒன்று. அதைக் கேட்டுவிட்டு என் அம்மா சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

“கொடியில கெடக்குற துணிய எடுக்கச் சொல்லி ஒரு பாட்டா? அத நான் தெனமும்தான் சொல்றேன். ஒருத்தியும் கைதட்டக் காணோம்.”

அந்தக் குழுவின் மேல் அம்மாவுக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் பாட்டு இல்லை. பாட்டு வீட்டுக்குள் வந்த வழி. எங்கள் காட்டில் விளையும் கேரட்டை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக ஒரு பிக்கப் வண்டி வரும். அதை ஓட்டிவந்த பையன்தான் அந்தப் பாட்டுகளை முதலில் எங்கள் ஊரில் அலற விட்டவன். மூட்டை ஏறுகிறவரைக்கும் வண்டியில் பாட்டு ஓடும். என் தங்கை சாக்கு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டே கேட்பாள். தைத்த மூட்டையையே திரும்பத் தைக்கிறாளே என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. ஒருநாள் இருவரும் பழனியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவன் வேறு சாதி. அப்பா போனபிறகு ஒற்றை ஆளாய் எங்கள் இருவரையும் வளர்த்த அம்மா, “அந்தப் பாட்டுத்தான் எம்மகளக் கூட்டிட்டுப் போச்சு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு வருடம் தங்கையின் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். அவளும் பிடிவாதம், இவளும் பிடிவாதம். நடுவில் கிடந்து நான் சாகாத குறை.

இப்படியிருக்கும்போதுதான் அந்தக் குழு எங்கள் ஊருக்கே வருகிறது என்று தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்து பண்ணை விடுதி நடத்தும் இரண்டு இளைஞர்கள், கேரட் பிடுங்கிய மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய தங்கள் காட்டில் பகலிலேயே ஒரு கச்சேரி வைக்கிறார்களாம். போனில் அதைப் படித்தபோது, முன்னால் நின்ற விருந்தினரிடம் அறைச் சாவிக்குப் பதிலாக என் பேனாவைக் கொடுத்துவிட்டேன். இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று தங்கைக்கு. அம்மாவுக்குத் தெரியாமல் அவளை வரவைத்து, பாட்டுக் கேட்கவைத்து, அம்மாவுக்குத் தெரியாமலே அனுப்பிவைப்பது என் திட்டம். சண்டையைத் தீர்த்துவைக்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. என் தங்கையோடு தோள் உரச நின்று அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று காலை தங்கை பிக்கப்பில் வந்து இறங்கினாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழுவுறதுன்னா பாட்டு போட்டப்புறம் அழு. ரெண்டையும் சேத்து முடிச்சிரலாம்” என்றாள். அவள் புருஷன் காட்டுக்குள் இறங்கவில்லை.

“நான் ரோட்டுலயே நிக்கிறேன் மதினி. அத்தை கண்ணுல பட்டா வம்பு.”

“அம்மா எங்க இங்க வரப்போகுது? வீட்டுல படுத்துக் கெடக்கு” என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

கீழே காட்டில் வேறொரு கலவரம். குழுவினர் வந்துவிட்டார்கள். அவர்களுடைய பெரிய ஸ்பீக்கர்களை ஏற்றிவந்த லாரி, மலைப்பாதையில் மரம் விழுந்து பாதியிலேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் விடுதிக்காரர்கள் எங்கள் ஊர் மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து சவுக்கு மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் இத்தனை வருடம் காதுக்குள் வைத்துப் பூஜித்த பாட்டு, காதுகுத்துக்குக் கட்டும் கூம்பிலா வரப்போகிறது?

பாடகன் மெலிந்த ஆள். குல்லா போட்டும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். “செக் பண்ணிக்கலாமாண்ணா?” என்று கேட்டான்.

“பண்ணிக்கலாம் தம்பி. ஆனா மொதப் பாட்டு முருகன் பாட்டுத்தான். அது போடாம என் செட்டுல ஒரு சத்தமும் வெளிய வராது” என்றார் அண்ணன்.

“போடுங்கண்ணா. நாங்களும் கும்பிட்டுக்கிறோம்.”

அண்ணன் போட்டார். பழனியாண்டவர் பாட்டு சவுக்கு மரத்திலிருந்து கிளம்பி, பள்ளத்தில் இறங்கி, எதிர் மலையில் மோதி, ஊருக்குள் திரும்பி வந்தது. அப்போது உச்சிப்பொழுது. எங்களில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் உச்சிப்பொழுதில், ஏதோ ஒரு காட்டிலிருந்து கூம்பு ஸ்பீக்கரில் முருகன் பாட்டு கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ வேண்டுதலுக்கு அன்னதானம் போடுகிறார்கள், சோறு தயார், பாத்திரத்தோடு வா.

முதலில் பக்கத்துக் காட்டு ஆட்கள் வந்தார்கள். பிறகு வரப்பு நெடுக ஜனம். தலையில் துண்டு, உடம்பில் ஸ்வெட்டர், கையில் தூக்குவாளி. வீட்டில் படுத்திருக்கும் கிழடுகளுக்கும் சேர்த்து வாங்கிப்போகப் பெரிய போசிப் பாத்திரமாகவே கொண்டுவந்திருந்தார்கள். டிக்கெட் வாங்கி வந்த டவுன்காரர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். பாடகனுக்கு முகமெல்லாம் பல். தன் பாட்டைக் கேட்கத்தான் இவ்வளவு கூட்டமும் மலையேறி வருகிறது என்று அந்த அப்பாவி நினைத்துக்கொண்டான். அவசரமாக மைக்கைப் பிடித்து, “வில்பட்டி மக்களுக்கு வணக்கம்” என்றான். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மக்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில், போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள் என் அம்மா.

தங்கையின் தோளைப் பிடித்து டிரம் செட்டுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தேன். அவள் அசையவில்லை. “நான் ஒளிய மாட்டேன்க்கா. திருடிட்டா போனேன்?” என்றாள். அம்மா எங்களைப் பார்த்தாள். முதலில் என்னை, பிறகு அவளை. அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி மைக்செட் அண்ணனிடம் போனாள்.

“சோறு எங்க?”

“சோறு இல்லக்கா. இது பாட்டுக் கச்சேரி.”

“முருகன் பாட்டப் போட்டுட்டுச் சோறு இல்லைன்னா என்ன அர்த்தம்? பாத்திரத்தோட வந்த சனத்த வெறும் பாத்திரத்தோட அனுப்புவியா நீ?”

அண்ணன் தலையைச் சொறிந்தார். விடுதிக்காரர்கள், டிக்கெட் வாங்கியவர்களுக்காகச் செய்துவைத்த சாண்ட்விச்சைக் காட்டினார்கள். அம்மா அதைப் பார்த்த பார்வையில் அவர்களே அதைத் திரும்ப மூடிவிட்டார்கள். முருகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது; இனி சோறு போட்டே ஆக வேண்டும். அதில் ஊரில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. “ஏலே, கோயில் அண்டாவத் தூக்கிட்டு வாங்கலே, வெரசா” என்று அம்மா அதட்டியதும் இரண்டு பேர் ஓடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி வந்தது. விடுதித் தோட்டத்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் குவிந்தன. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியாயிற்று.

“நாங்க பாடலாமா?” என்று பாடகன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“பாடுங்க தம்பி. சோறு வேக நேரமாகும்ல” என்றாள் அம்மா.

தங்கை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அம்மா ஒரு அரிவாள்மனையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கூடை பீன்ஸ். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள், பீன்ஸைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். நானும் நார் எடுக்க உட்கார்ந்தேன்.

டிரம்மர் கட்டையைத் தட்டி எண்ணினான். கச்சேரி தொடங்கியது.

கூம்பு ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன். கிதார் தகரம்போல ஒலித்தது. பேஸ் கிதார் வாசித்த பெண் விரலால் என்ன வித்தை செய்தாலும் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள். ஆனால் அவர்கள் நிஜமாக அங்கே நின்றார்கள். பாடகனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு இடத்தில் வரியை மறந்துவிட்டு டிரம்மரைத் திரும்பிப் பார்த்தான். அந்த வரியை நானும் தங்கையும் பீன்ஸைக் கையில் வைத்துக்கொண்டே சத்தமாகப் பாடினோம். அவன் எங்கள் பக்கம் விரலை நீட்டிச் சிரித்துவிட்டு விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. இருபதடி தூரத்தில் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிடும். இவள் இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச மாட்டாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சாம்பார் கொதிக்கும்போது மேகம் இறங்கிவிட்டது. முதலில் எதிர் மலை போனது, பிறகு சவுக்கு மரம், பிறகு பாடகனே பாதிதான் தெரிந்தான். நறுக்கிய பீன்ஸைத் தங்கை அடுப்படிக்கு எடுத்துப்போனாள். கூடவே நானும் போனேன். அம்மா வாங்கி அண்டாவில் போட்டாள். தங்கை நகராமல் அங்கேயே நின்றாள்.

அந்த நேரத்தில் அவர்கள் பாடிய பாட்டு, வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பற்றியது. மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறிப் போய், சட்டென்று எல்லாம் நின்றுவிடும். ஒரு சத்தமும் இருக்காது. முதன்முறை கேட்கிற யாரும் பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அங்கும் அப்படித்தான் ஆனது. மேகத்துக்குள்ளிருந்து ஊரே கைதட்டியது. டவுன்காரர்களில் சிலர்கூடத் தட்டினார்கள்.

அம்மா கரண்டியை உயர்த்தினாள்.

“இருங்க. முடியல இன்னும்.”

சொல்லி வாய் மூடுமுன் டிரம் இறங்கியது, அதன் மேல் மூன்று பேரின் குரலும் சேர்ந்து வந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். தங்கையும் பார்த்தாள். “ஒனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அம்மா அண்டாவையே பார்த்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். “நீ விட்டுட்டுப் போன போன்லதான். அமுக்குனா அது ஒன்னுதான் வருது. வேற போடத் தெரியாது எனக்கு. அக்கா வேலைக்குப் போனப்புறம் போட்டுக்குவேன்.”

தங்கை போனபோது தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அது டிரங்குப் பெட்டிக்குள் செத்துக் கிடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அம்மா அதைத் தினமும் சார்ஜில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெறுத்துக்கொண்டே கேட்டாளா, மகள் எதில் மயங்கினாள் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாளா, நான் கேட்கவில்லை. தங்கை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். “புகை கண்ணுல அடிக்குது, அங்குட்டுத் தள்ளு” என்றாள் அம்மா. ஆனால் நகரவும் விடவில்லை, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சோறு எல்லோருக்கும் போதுமாக இருந்தது. குழுவினர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாடகன் மூன்று முறை சாம்பார் வாங்கினான். நான் அவனிடம் சொல்லவென்று வருடக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்தது நிறைய. கடைசியில், “இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். நானும் தங்கையும் பதறிப்போய் மேட்டில் ஏறினோம். ரோட்டோரம் பிக்கப் வண்டி மேகத்துக்குள் மங்கலாகத் தெரிந்தது. அதில் சாய்ந்து நின்றிருந்தவன் நிமிர்ந்து விறைத்துப்போயிருந்தான். அவன் முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு அம்மா நின்றாள்.

“என்ன மாப்ள, வண்டிய ரோட்டுல போட்டுட்டு நிக்கிறீங்க? வீட்டு முன்னாடி அம்புட்டு எடம் சும்மாதான கெடக்கு?”

அவன் சட்டைப் பையிலும் பேண்ட் பையிலும் மாறி மாறிச் சாவியைத் தேடினான். சாவி வண்டியிலேயே இருந்தது.