ஜவளகிரிக்காரர் சொல்லாத வார்த்தை

ஆய்விதழில் துணையாசிரியர் வேலை என்பது கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை. சாப்பாடு நன்றாக இருந்தால் பேர் சமையல்காரருக்கு, உப்பு குறைந்தால் திட்டு நமக்கு. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, ஒரு கல்லூரி நடத்தும் ஆய்விதழுக்கு வந்தவள் நான். அங்கே இரும்பைத் திருப்பி அனுப்பினேன், இங்கே கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறேன். மற்றபடி சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, வருகிற கட்டுரைகளில் எல்லாம் பளபளப்பு கூடிவிட்டது. பளபளப்பைக் கண்டால் தட்டிப் பார்க்கிற பழைய புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

இதில் ஜெசிந்தா என்ற பெண்ணும் வருவாள். ஓசூர் பக்கம் தளி என்ற ஊர்க்காரி, பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. எங்கள் இதழில் கட்டுரை வந்தால்தான் அவள் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பட்டம் வந்தால்தான் வேலை நிலைக்கும்.

ஆசைக்கு ஒரு கட்டுரை

ரோஜா சாகுபடி பற்றி ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். மேற்கோள் பட்டியலில் இருந்த ஒரு கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததும் எனக்கே படிக்க ஆசை வந்தது. தேடினேன். அந்த இதழ் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது, அங்கே கோழித் தீவனம் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள்.

போன் செய்தேன். பட்டியலை ஏஐ கொடுத்தது, தான் எதையும் திறந்து பார்க்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார். "இந்தத் தலைப்புல ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு நெனச்சேன் மேடம், அதுவும் அப்படித்தான் நெனச்சிருக்கும் போல."

ஜாப் கார்டு

அதன் பிறகு எங்கள் இதழாசிரியர் விதி போட்டார். ஏஐயை எங்கே பயன்படுத்தினாலும் கட்டுரைக் கடைசியில் சொல்லிவிட வேண்டும். அது எழுதியதற்கும் பேர் போட்டவர்தான் பொறுப்பு. சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்கிற ஒரு என்ஜினியர், இதைப் படித்துவிட்டு ஏஐயின் பேரைக் கட்டுரையின் நான்காவது ஆசிரியராகவே சேர்த்து அனுப்பிவிட்டார். அவர்கள் தொழிற்சாலையில் ஒரு பீஸ் எந்தெந்த மெஷினில் ஏறி இறங்கியதோ, அத்தனையும் அதோடு கூடவே போகிற ஜாப் கார்டு என்ற அட்டையில் ஏற வேண்டுமாம். எனக்கும் அந்தப் பழக்கம் தெரியும் என்பதால் கோபம் வரவில்லை.

பொறுமையாகச் சொன்னேன்: "சார், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா பதில் சொல்றவங்க பேர்தான் மேல வரணும். பதில் சொல்ல முடியாதவங்க பேர் வரக்கூடாது." அவர் பட்டியலில் இருந்த மற்ற பேர்களைப் பார்த்தார். "அப்ப எங்க மேனேஜர் பேரையும் எடுத்துடுங்க மேடம்."

எல்லோருக்கும் ஒரே வாய்

ஜெசிந்தாவின் கட்டுரை, ஜவளகிரிப் பக்கம் யானை இறங்கும் ராகிக் கொல்லைகளைப் பற்றியது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசிப் பதிவு செய்திருந்தாள். மதிப்பீட்டாளரிடமிருந்து ஒரே ஒரு குறிப்பு வந்தது: அத்தனை விவசாயிகளும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள். நானும் பார்த்தேன். ராகியைப் பறிகொடுத்த மனுஷன், 'மனிதனும் யானையும் இணைந்து வாழ்வதே நமது பொதுப் பாரம்பரியம்' என்று ஆங்கிலத்தில் அருள்வாக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளை அழைத்தேன். பதிவு செய்த போனும் கையுமாக வந்தாள். "கன்னடத்துல ஆரம்பிச்சு, தெலுங்குல திட்டி, தமிழ்ல முடிக்கிறாங்க மேடம். எனக்கு மூணும் தெரியும், ஆனா நேரம் இல்ல. அதான் மொழிபெயர்க்க ஏஐகிட்ட குடுத்தேன்." அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. இருந்தாலும் இதை அச்சிட முடியாது. திருப்பி அனுப்பினால் இவள் வேலை போய்விடும் என்பது எனக்கு உறுத்தியது. அந்தப் பாரம்பரியக்காரர் உண்மையில் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். போனில் போட்டுக் காட்டினாள்: "ஆனை மேல கோவம் இல்லீங்க. காவலுக்குப் போன எடத்துல தூங்கிட்டேன், என் மேலதான் கோவம்."

தூக்கக் கணக்கு

இதழாசிரியர் அந்த இதழ் வெளிவருவதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஜெசிந்தா எல்லாப் பதிவையும் மறுபடி கேட்டுத் தன் கையாலேயே மொழிபெயர்த்தாள். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, பாதிப் பேர் பேசியது பயிரைப் பற்றியே இல்லை, தூக்கத்தைப் பற்றி. ராத்திரி காவல் பரணில் விழித்துக் கிடந்து, பகலில் ஏர் பிடிக்க முடியாமல் போவதைப் பற்றி. வேண்டாத பேச்சு என்று ஏஐ அதையெல்லாம் ஒதுக்கிவிட்டிருந்தது. ராகி நஷ்டத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தூக்க நஷ்டத்தை இவள்தான் எழுதினாள். மதிப்பீட்டாளர் இந்த முறை மனதாரப் பாராட்டியிருந்தார். ஆங்கிலப் பிழை திருத்த மட்டும் ஏஐ என்று கடைசியில் ஒரு வரி. கட்டுரை வந்தது, ஆய்வேடும் போய்ச் சேர்ந்தது. அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் ஜவளகிரிக்குப் போய், அவரவர் சொன்னதை அவரவரிடம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கி வந்திருந்தாள். அந்தப் பாரம்பரியக்காரர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "நான் தூங்குனதையும் போட்டுட்டியா? நெசந்தானே, இருந்துட்டுப் போவட்டும். பேரை மட்டும் போட்டுடாதம்மா, வீட்டுல ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஒன்று விடாமல் வெளியே சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் விதி போட்ட எங்கள் இதழ், ராகிக் கொல்லையில் தூங்கிப் போனவர் யார் என்பதை மட்டும் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.