ஆள் பெயர் எழுதாத வார்த்தை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், கோவளத்துக் கரைக்காரர்களுக்கும், சேலையூரிலிருந்து வந்திருக்கும் அக்காவின் வாடிக்கை வீட்டாருக்கும் தம்பியின் வணக்கம். அக்காவின் நல்ல குணங்களை எழுதச் சொல்லித்தான் மாமா இந்தப் பக்கங்களை எனக்கு ஒதுக்கினார். எழுதுகிறேன். அதோடு நான் சொன்ன ஒரு பொய்யையும் எழுத வேண்டியிருக்கிறது.

காரியத்தன்று சித்தி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இங்கிலீஷ் படிச்சவன் நீ ஒருத்தன்தானேடா. ஆஸ்பத்திரி ஃபைல்ல இன்னா போட்டிருந்தாங்கன்னு உனக்குத் தெரியாமலா இருந்துது?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெரியும் சித்தி. முதல் நாளே தெரியும்.

அக்கா கோவளத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. கடலுக்குப் போன அப்பா திரும்பாத வருடம் அம்மா மீன் கூடை தூக்கினார். அம்மாவுக்கு முட்டி விட்டுப் போனதும் அக்கா தூக்கினார். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் கொட்டி, பஸ் பிடித்துத் தாம்பரம் போவார். சேலையூர்ப் பக்கம் ஆறு தெரு அவருடையது. மீன் கெட்டுப்போயிருந்தால் தானே சொல்லிவிடுவார். அதனால்தான் இருபது வருடம் அந்தக் கதவுகள் அவருக்குத் திறந்தன.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டிகிரியும் வாங்கினேன். வங்கித் தேர்வு எழுதினேன். கணக்கு கை கொடுத்தது, ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் கவிழ்த்தது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கோச்சிங் சென்டரில் சார் சொன்னார்: "உனக்குத் தெரிஞ்ச வார்த்தை எல்லாருக்கும் தெரியும்ப்பா. கஷ்டமான வார்த்தையா தினம் இருபது படி." நீள நோட்டில் இடப்பக்கம் ஆங்கில வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதி, வலப்பக்கம் தமிழில் பொருள் எழுதினேன். இன்று படித்த இருபதில் நாளைக்கு மூன்றுதான் மிச்சம் இருக்கும். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பிற்பகல் ஆத்திரத்தில் நோட்டை வீசினேன். அது அக்கா மீன் கழுவிய தண்ணீரில் போய் விழுந்தது.

அக்கா எடுத்துப் புடவையில் துடைத்தார். தமிழ்ப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கஞ்சத்தனமான. யாருடா இது?"

"யாரும் இல்லக்கா. பார்சிமோனியஸ். வார்த்தை."

"ஆளே இல்லாம வார்த்தை எப்படிடா மண்டையில நிக்கும்? நாலாம் நம்பர் வூட்டம்மா கீறாங்களே, கால் கிலோ நெத்திலிக்கு அரை மணி நேரம் பேசறவங்க? அவங்கள எழுது பக்கத்துல."

அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை. அக்கா பொருளை வாசிப்பார், நான் ஆங்கிலத்தைச் சொல்வேன், அவர் ஆள் சொல்வார். ஓயாமல் பேசுகிறவன் 'கேருலஸ்'. காலை பஸ் கண்டக்டர் அண்ணன். பிடிவாதம் பிடிப்பவர் 'ஆப்ஸ்டினேட்'. எங்கள் அம்மா.

"என்னிய இன்னாடி பேர் வெச்சுக் கூப்புடறீங்க?" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கத்துவார்.

"மருவாதியாத்தான்மா வெச்சுக்கீறோம், இங்கிலீஷ்ல!" என்பார் அக்கா.

வார்த்தைகள் நின்றன. தெருவில் ஆளைப் பார்த்தால் வார்த்தை வரும், தேர்வில் வார்த்தையைப் பார்த்தால் ஆள் வருவார். ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் அக்காவால் ஆள் சொல்ல முடியவில்லை. பேலியேட்டிவ். 'நோயைத் தீர்க்காது, வலியை மட்டும் தணிப்பது' என்று எழுதியிருந்தேன்.

"தைலம் மாரியா? தைலம் ஆள் இல்லியே. வுடு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

அக்காவுக்கு இடுப்பில் வலி வந்தபோது எல்லோரும் கூடை தூக்கிய வலி என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், தலைமுடி போனது. ஒருநாள் டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். அவர் பேசத் தொடங்கும் முன்பே மேஜையில் இருந்த புது ஃபைலின் மேல் அந்த வார்த்தையைப் படித்துவிட்டேன். என் நோட்டில் இருப்பது போலவே பெரிய எழுத்தில் இருந்தது. எத்தனையோ வார்த்தைகள் தேர்வு அறையில் என்னைக் கைவிட்டிருக்கின்றன. இந்த ஒன்று மறந்துபோயிருக்கக் கூடாதா?

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இன்னாடா எழுதிக்கீறாங்க?"

"வலிக்குத் தனி வார்டுக்கா. வலி நின்னா உடம்பு தன்னால தேறிடும்னு சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அம்மாவிடமும் அதையே சொன்னேன். மாமாவிடமும் சித்தியிடமும் அதையே சொன்னேன். அம்மா அந்த முட்டியை வைத்துக்கொண்டு திருநீர்மலைக் கோயில் படி ஏறி, மகள் எழுந்து நடந்தால் மறுபடி ஏறுவதாக வேண்டிக்கொண்டு வந்தார். நான் தடுக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் ஒருவர் கஷாயம் தருகிறார் என்று கேள்விப்பட்டு நானே ஓடினேன். அந்த வார்த்தையின் பொருளை என் கையால் எழுதியவன், கஷாயப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

படுக்கையிலும் அக்கா வார்த்தை கேட்பதை நிறுத்தவில்லை. நோட்டை நான் புரட்டுவேன். அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளினேன்.

"இன்னாடா, ரெண்டு பக்கத்த ஒண்ணா தள்ற?"

"அது பாத்ததுதான்க்கா."

மறுநாள் மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது, கட்டிலில் ஃபைலும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்தன.

"இன்னாக்கா பண்ற?"

"சும்மாடா. போது போவல. எழுத்த வேடிக்க பாத்துக்கினு இருந்தேன்."

நான் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன்.

அந்த நாட்களில் நாலாம் நம்பர் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சேலையூரிலிருந்து பஸ் ஏறி, பிளாஸ்கில் கஞ்சியோடு வந்தார். அவர் போனதும் அக்கா சொன்னார்: "அந்தப் பேர அடிச்சிடுடா. நல்ல வார்த்தையா பாத்து எழுது." 'மேக்னானிமஸ்', பெருந்தன்மையுள்ள என்ற வரியில் அவர் பெயரை மாற்றி எழுதினேன். நாலாம் நம்பர் அம்மா, நீங்கள் இதைப் படித்தால் எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் மூன்று வெள்ளிக்கிழமைதான். ஒரு காலையில், எங்கள் அம்மா தலை வாரிவிடும்போது, அக்கா கண் மூடினார்.

கஞ்சி கொண்டுவந்த அம்மாவுக்கும், வலி தெரியாமல் ஊசி போட்ட நர்ஸ் அக்காவுக்கும், இறுதி ஊர்வலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கடைசி வரை நடந்து வந்த கண்டக்டர் அண்ணனுக்கும், தோள் கொடுத்த கரைக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா, மாமா, சித்தி, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. ஒன்றும் தெரியாமலே போய்விட்டார் என்று போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

அடுத்த தேர்வுதான் வயது வரம்புக்குள் எனக்குக் கடைசி. பதினொரு மாதம் தொடாத நோட்டை அதற்காகத் திறந்தேன். மீன் தண்ணீர் பட்ட கறை அப்படியே இருந்தது. நான் தள்ளிய அந்தப் பக்கம் ஓரம் மடிந்திருந்தது. 'நோயைத் தீர்க்காது, வலியை மட்டும் தணிப்பது.' அதன் பக்கத்தில், காலியாகக் கிடந்த இடத்தில், மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் அக்கா ஆள் எழுதி வைத்திருந்தார்.

தம்பி.