விரல்கள் வாசித்த வேறு பாடல்

ஈப்போவில் எங்கள் இடைநிலைப்பள்ளியின் ஆசிரியர் தின விழா. பள்ளிப் பாடலுக்கு நான்தான் கீபோர்டு. முன்வரிசையில், நாங்கள் புவான் பெங்கெத்துவா என்று அழைக்கும் தலைமையாசிரியரைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. சின்ன வயதில் ஆறு வருடம் பாடிய தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பாடலை விரல்கள் தாமாக வாசித்துவிட்டன. யாரும் பாடவில்லை. மண்டபமே என்னைப் பார்த்தது.

இசையாசிரியை அருகில் வந்து குனிந்தார். "நிப்பாட்டாத லா. முழுசா வாசி."

என்னோடு தோட்டப்பள்ளியில் படித்த நால்வர் பாடத் தொடங்கினார்கள். தமிழ் தெரியாத தலைமையாசிரியர் எழுந்து நின்றார். உடனே எல்லாரும் எழுந்தார்கள்.

"டீச்சர், தப்பா வாசிச்சிட்டேன்" என்றேன் பிறகு.

"தெரியும். புவான் பெங்கெத்துவாவுக்கும் தெரியும்."

அந்த விழாவே ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லத்தான். பயத்தில் நான் மட்டும் அந்த நன்றியைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.