மூன்று பட்டினிப் பாத்திகளும் எங்கள் அம்மாவும்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் என்ற முறையில் என் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் அண்ணன் எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இரண்டாம் பக்கத்திலேயே அம்மா மீது ஒரு குற்றச்சாட்டு வரும். அதைப் பார்த்ததும் யாரும் மலரை மூடி வைத்துவிட வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு, திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

அம்மா பிறந்தது திருக்கடையூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. மேலே படிக்க வேண்டுமானால் ஆற்றைக் கடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள். பிறகு நன்னிலம் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ வந்தார். அண்ணன் பத்தாம் வகுப்பும் நான் ஏழாம் வகுப்பும் படிக்கும்போது அப்பா மாரடைப்பில் காலமானார். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து இறங்கும் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சொந்தத்தில் யாருக்காவது திருக்கடையூரில் விசேஷம் என்று பத்திரிகை வந்தால் மட்டும் என்னை அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் இருந்துகொள்வார்.

எங்களுக்கு ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. கடைமடை என்பதால் மேட்டூர் திறந்து, மேலே உள்ள ஊரெல்லாம் நடவு முடித்த பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். முறைத் தண்ணீருக்காக மதகடியில் ஆண்களோடு ஆணாக நின்று அம்மா வாதாடியதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு வருஷம் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது, அடுத்த வருஷம் கதிர் சாயும் நேரத்தில் மழையில் முழுகியது. அந்த ஆறு மாவை வைத்துக்கொண்டுதான் அண்ணனை டிப்ளமோவும் என்னைப் பட்டப்படிப்பும் படிக்க வைத்தார். நான் கும்பகோணத்தில் தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதல் சம்பளத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும்படி கேட்டாரே தவிர, புடவை கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு குணம் உண்டு. பசியோடு யாரும் எதிரில் நிற்கக் கூடாது. மின்கணக்கு எடுக்க வருபவர் முதல் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வரை யாராக இருந்தாலும் ஏதாவது கொடுத்துத்தான் அனுப்புவார். வேண்டாம் என்று சொன்னால் கோபம் வரும். இது நல்ல குணம்தான், நீங்கள் எல்லோரும் அதை அனுபவித்தவர்கள்தான். ஆனால் ஒரு பெண்ணின் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்ததும் இதே குணம்தான்.

அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியரும் ஒரு மாணவியும் ஒரு நாள் வெயிலில் வந்து நின்றார்கள். மாணவியின் பெயர் தேன்மொழி. பட்டுக்கோட்டைப் பக்கம், அப்பா தேங்காய் உரிக்கும் தொழிலாளி, அந்தக் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் ஆள். முதுநிலைப் பட்டத்துக்காக அவள் ஒரு சோதனை செய்ய வேண்டும். தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை வளர்த்து மடக்கி உழுதால் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்று கடைமடை மண்ணில் பார்க்க வேண்டும். கல்லூரிப் பண்ணை மண் வேறு. ஒரு சாகுபடிப் பருவத்துக்கு ஒரு மா நிலம் கிடைக்குமா என்று கேட்டார்கள். அம்மா இருவருக்கும் மோர் கொடுத்துவிட்டு, பேராசிரியர் பாதி சொல்லும்போதே சரி என்றுவிட்டார். மீதிப் பாதியைக் கேட்டிருந்தால் பின்னால் வந்த வினை வந்திருக்காது.

சாலையோர வயலைத்தான் கொடுத்தார். அதைப் பன்னிரண்டு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரப்புப் போட்டு, எண் எழுதிய குச்சி நட்டாள் தேன்மொழி. சிலவற்றுக்கு யூரியா, சிலவற்றுக்குத் தக்கைப்பூண்டு, சிலவற்றுக்கு இரண்டும். மூன்று பாத்திகளுக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. அம்மா அவற்றுக்குப் பட்டினிப் பாத்தி என்று பெயர் வைத்தார். சம்பா நட்டு ஒரு மாதத்தில் மற்ற பாத்திகள் கருகருவென்று நிற்க, இவை மூன்றும் மஞ்சள் பாரித்தன. சாலையில் போகிறவர்கள் சும்மா போவார்களா? என்னக்கா, உரம் வாங்கக் கையில் இல்லையா, சிங்கப்பூரில் இருந்து பணம் வரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா என்னிடம் போனில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தீபாவளி வந்தது. தேன்மொழி ஊருக்குப் போயிருந்தாள். அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, எல்லோருக்கும் பலகாரம் கொடுத்துவிட்டு அம்மா வயலுக்குப் போனார். நல்ல நாளும் அதுவுமாக மூன்று பாத்தி மட்டும் பட்டினி கிடப்பதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. மடியில் கொண்டுபோன யூரியாவை மூன்றுக்கும் தெளித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். இதுதான் நான் சொன்ன குற்றச்சாட்டு.

ஒரு வாரம் கழித்துத் தேன்மொழி வந்து பார்த்தால் மூன்றும் பச்சை. இலையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டை ஒன்று அவளிடம் உண்டு. அதை வைத்து வைத்துப் பார்த்தாள். பக்கத்துப் பாத்தி உரத் தண்ணீர் வரப்பு வழியே ஒழுகிவிட்டது, தான் வரப்பைச் சரியாகப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பேராசிரியரும் போனில் அதையே சொல்லித் திட்டினார். மூன்று நாள் மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வெட்டிப் பார்த்தாள். அம்மா கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை. ஒன்றும் போடாத பாத்தி இல்லையென்றால் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவது, இந்தப் பருவமே வீண் என்று அவள் அழுதபோதுதான், தான் செய்தது என்னவென்று அம்மாவுக்குப் புரிந்தது. இந்த வருஷத்தோடு படிப்பு போதும், முடித்துவிட்டு வேலைக்குப் போ என்று அவள் அப்பா கெடு வைத்திருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? யாரும் பார்க்கவில்லையே அம்மா, வரப்பு ஒழுகியதாகவே இருக்கட்டும், விட்டுவிடு என்றேன். படித்த பிள்ளை சொன்ன புத்தி இது.  மறுநாள் காலை அம்மா புடவை மாற்றிக்கொண்டு, கல்லூரிக்குப் போக பஸ்ஸுக்குக் கிளம்பினார். விடு என்று சொன்ன நானே லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன்.

பேராசிரியர் அறையில் தேன்மொழியும் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லியும் அம்மா உட்காரவில்லை.

"சார், வரப்பு ஒழுகல. பாப்பா ஒழுங்காத்தான் போட்டிருக்கு. தீபாவளி அன்னிக்கு நான்தான் மூணு பாத்திக்கும் யூரியா தெளிச்சேன். பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

பேராசிரியர் வாயெடுப்பதற்குள் தேன்மொழி பேசிவிட்டாள். "மூணு நாளா வெட்டி வெட்டிப் பாத்துக்கிட்டிருந்தேனே. பக்கத்துலதானம்மா நின்னீங்க" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். நியாயமான கேள்வி. 

அடுத்த குறுவைக்குப் பக்கத்து மாவை எடுத்துக்கொள்ளுங்கள், உழவும் தண்ணீரும் என் பொறுப்பு என்றார் அம்மா. வேறு பருவம் என்றால் நெல் ரகம் மாறும், மண்ணை மறுபடி சோதிக்க வேண்டும், திட்டத்தையே திருத்தி எழுத வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டில் சம்மதிக்க வேண்டுமே. அம்மா அந்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். தேங்காய் மட்டைக் குவியலுக்கு நடுவில் நின்று தேன்மொழியின் அப்பாவிடம், உங்கள் பெண் மேல் தப்பில்லை, கெடுத்தவள் நான், குறுவை அறுப்பு வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவரை அவள் என் வீட்டில் இருக்கட்டும் என்று கேட்டார். அவர் கையிலிருந்த தேங்காயை உரித்துப் போட்டுவிட்டு, சரிங்க என்றார்.

தேன்மொழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தாளே தவிர, அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உர மூட்டை வைத்திருக்கும் அறையின் சாவியை அம்மா அவளிடமே கொடுத்து, என்னை நம்பாதே, நீயே வைத்துக்கொள் என்றார். அதற்கும் அவள் சிரிக்கவில்லை. குறுவை நட்டு மறுபடியும் மூன்று பாத்திகள் மஞ்சளாயின. மறுபடியும் சாலையில் ஒருவர் வண்டியை நிறுத்தி, இந்த வருஷமும் உரத்துக்குப் பஞ்சமா என்று கேட்டார். பத்து பேர் நடுவில் மதகடியில் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத அம்மா, அன்று பொறுமையாகச் சொன்னார்: "ஆமாங்க. போடல. போடவும் மாட்டேன்."

உள்ளே பாத்தியில் குனிந்து தூர் எண்ணிக்கொண்டிருந்த தேன்மொழிக்கு அது கேட்டிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், பசிக்குதும்மா, சோறு போடுங்க என்றாள். அன்று இரவே அம்மா இதை எனக்குப் போனில் இரண்டு தடவை சொன்னார்.

குறுவை நல்லபடி விளைந்தது. தக்கைப்பூண்டு போட்டால் எங்கள் மண்ணுக்குப் பாதி யூரியா போதும் என்று தெரிந்தது. தேன்மொழி பட்டம் வாங்கி, இப்போது வேளாண் அலுவலராக இருக்கிறாள். அதன் பிறகு வருஷம் தவறாமல் மாணவர்கள் எங்கள் வயலுக்கு வந்தார்கள். கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நீங்கள் அம்மாவிடம் வந்து, பீரோ வாங்கித் தரலாமா, ஃபேன் மாட்டலாமா என்று கேட்பீர்கள். போய் அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பார். அப்படிக் கேட்டுத்தான் ஒருவர் நெல் காயவைக்கக் களத்தை விட்டார், ஒருவர் டிராக்டரை இரண்டு நாள் அனுப்பினார், இன்னொருவர் ஒரு பையனுக்குத் தேர்வு முடியும் வரை மாடியறையைக் கொடுத்தார். அண்ணன் அப்பா பெயரில் கல்லூரிக்கு ஒரு நுழைவு வளைவு கட்டித் தர ஆசைப்பட்டார். கல்லூரியில் கேட்டால், வயலில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை இருந்தால் போதும் என்றார்கள். கக்கூஸில் போய் அப்பா பேரைப் போடுவதா என்று அண்ணன் சிங்கப்பூரிலிருந்து புலம்பினார். பேரே போட வேண்டாம், கட்டு என்றார் அம்மா. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்றும் அது சுத்தமாக இருக்கிறது.

கடைசி எட்டு மாதம் அம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் அளந்து கொடுத்துவிட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவர் உதடு காய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் நான் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். அம்மா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் பேசிய எல்லோரும் அம்மாவைப் பற்றி நல்லதே சொன்னீர்கள். கடைசியில் தேன்மொழி எழுந்தாள்.

"அம்மா யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்லன்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணு செஞ்சாங்க. என்னோட ஒரு வருஷத்தக் கெடுத்தாங்க. அவங்க வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அப்பா வச்ச கெடுவுக்காக அந்தத் தப்பான கணக்கையே எழுதிக் குடுத்துட்டுப் பட்டம் வாங்கியிருப்பேன். அத நம்பி நாலு பேரு பயிர் வச்சிருப்பாங்க. இன்னிக்கு ஒரு வயல்ல நின்னு நான் சொல்றதத் தைரியமா சொல்றேன்னா, அம்மா அன்னிக்கு பஸ் ஏறி வந்ததாலதான்" என்றாள்.

அந்தச் சாலையோர மாவைக் கல்லூரிக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அண்ணனும் நானும் நினைத்தோம். முதலில் போய்க் கேட்டோம். பட்டா மாற்றி வாங்குவது பெரிய வேலை, பத்து வருஷத்துக்கு வேறு யாருக்கும் குத்தகை விடாமல் கல்லூரிக்கே கொடுத்தால் போதும் என்றார் பேராசிரியர். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டோம். வருகிற குறுவைக்கு நான்கு மாணவிகள் வருகிறார்கள், நம் வீட்டில்தான் தங்கப் போகிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தஞ்சாவூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அம்மாவைத் தன் தாயாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் கார் எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எங்களுக்கு அடுப்பு மூட்ட விடாமல் பத்து நாள் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

தேன்மொழி, உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீ பேசி உட்கார்ந்ததும், இதை ஏன் இங்கே சொன்னாள் என்று அண்ணன் என் காதில் கேட்டார். அதுவரை மேடையில் எல்லோரும் பேசிய அம்மாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரோ ஒரு தெய்வத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொன்னபோதுதான் மடியில் யூரியாவோடு என் அம்மா வந்து எதிரில் நின்றார். அவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அதற்கு நன்றி, தங்கச்சி.